படகில் வந்து உட்கார்ந்த ஆலா: சூட்டியா, பிரைடில்டா?

வணக்கம் நண்பர்களே. நாகப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன சித்தப்பாவின் படகில் நேற்று விடியற்காலை ஓர் ஆலா (ஆங்கிலத்தில் டெர்ன் எனப்படும் நீர்ப்பறவை) வந்து உட்கார்ந்திருக்கிறது. கை ஓங்கினாலும் அசையவில்லையாம். அவர் போனில் எடுத்த படங்கள் கீழே. கொஞ்சம் ஆட்டம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெற்றி வெள்ளை, உச்சந்தலை கருப்பு, முதுகு அடர்நிறம், வயிறு வெள்ளை. கரையில் நாம் வழக்கமாகப் பார்க்கும் மீசை ஆலா நிச்சயம் இல்லை. சூட்டி டெர்ன் அல்லது பிரைடில்ட் டெர்ன் என்று நினைக்கிறேன். இரண்டுமே நடுக்கடல் பறவைகள். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடிக்கும்போது களைத்துப்போய்க் கரைப்பக்கம் ஒதுங்குவதுண்டு.

சூட்டிக்கு நெற்றி வெள்ளை அகலமாக இருந்து கண்ணோடு நின்றுவிடும். பிரைடில்டுக்கு அதுவே ஒல்லிப் புருவமாகக் கண்ணைத் தாண்டி ஓடும், முதுகும் பழுப்புச் சாம்பலாக இருக்கும். இரண்டாவது படத்தில் கோடு கண்ணைத் தாண்டுகிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் எதிர்வெளிச்சம், முதுகு நிறத்தை நம்ப முடியவில்லை. போன் செயலி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் சொல்கிறது, அதை விடுங்கள்.

கடற்பறவை பார்த்துப் பழகிய அண்ணன்மார், அக்காமார் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். இந்த ஆவணியில் கோடியக்கரை, தனுஷ்கோடி, பழவேற்காடு பக்கம் இதுபோல வேறு யாருக்காவது கிடைத்ததா? தேதி, இடம், படம் போடுங்கள். முடிவானதும் பறவைப் பதிவுத் தளமான இபேர்டில் ஏற்ற வேண்டும்.

பறவை மதியத்துக்குள் தானாகப் பறந்துவிட்டதாம். காலில் ஆய்வாளர்கள் மாட்டும் அடையாள வளையம் ஏதும் இல்லை.