கார்டிசால் ஆன்டிபாடி: டைட்டர் நன்றாக இருக்கிறது, ஆனால் போட்டி நடக்கவில்லை

வணக்கம் நண்பர்களே. ஹார்மோன் எலைசா (ஆன்டிபாடியை வைத்து ஒரு பொருளின் அளவை அறியும் சோதனை) செய்து பழகியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

கார்டிசால் என்ற ஹார்மோனைப் பிடிக்கும் ஆன்டிபாடியை முயலில் தயாரிக்கிறேன். மூலக்கூறு எடை 362 தான், தனியாகச் செலுத்தினால் நோயெதிர்ப்பு அமைப்பு கண்டுகொள்ளாது. அதனால் 3-வது கார்பனில் சிஎம்ஓ (கார்பாக்சிமெத்தில் ஆக்சைம்) என்ற சிறு இணைப்புப் பாலம் வைத்து, கேஎல்ஹெச் என்ற பெரிய புரதத்தோடு கோத்து ஊசி போட்டேன். பூஸ்டர்களும் முடிந்தன. சோதனைத் தட்டில் பூசியிருப்பது, அதே சிஎம்ஓ இணைப்பில் கார்டிசாலைக் கோத்த பிஎஸ்ஏ என்ற வேறொரு புரதம்.

டைட்டரை (சீரத்தை எவ்வளவு நீர்த்தாலும் ஆன்டிபாடி ஒட்டுகிறது என்ற அளவை) பார்த்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். வெறும் பிஎஸ்ஏ பூசிய குழிகளில் எதுவும் ஒட்டவில்லை. சரி, எல்லாம் கூடிவந்துவிட்டது என்று தனிக் கார்டிசாலைச் சேர்த்தேன்; அது தட்டோடு போட்டி போட்டு ஆன்டிபாடியைத் தன் பக்கம் இழுத்தால் சிக்னல் குறைய வேண்டும், ஆனால் இறங்கவே மாட்டேன் என்கிறது! மைக்ரோகிராம் அளவில் கொட்டினால்தான் லேசாக அசைகிறது. எனக்கு வேண்டியதோ நானோகிராம் அளவு.

ஆன்டிபாடி கார்டிசாலோடு சேர்த்து சிஎம்ஓ பாலத்தையும் பிடித்துக்கொள்கிறது என்பது என் சந்தேகம். பாலம் இல்லாத தனிக் கார்டிசால் அதோடு எப்படிப் போட்டி போடும்?

அப்புறம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு ஒட்டுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏ வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டுமே. 3-வது கார்பன் இருப்பதும் அங்கேதான்; நான் அந்த வளையத்தையே புரதத்தில் புதைத்துவிட்டேன், என் தப்புதான்.

பூச்சை மட்டும் 21-ஹெமிசக்சினேட்டுக்கு (21-வது கார்பனில் கோக்கும் வேறொரு பாலம்) மாற்றினால் உணர்திறன் தேறுமா? அல்லது 21-வது இடத்தில் கோத்துப் புதிய முயல்களில் முதலிலிருந்து தொடங்குவதே நல்லதா? கையில் இன்னும் சீரம் நிறைய இருக்கிறது, வீணாக்க மனமில்லை. இதே சீரத்தை வைத்துச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?