குக்-அப்: கயானா வீட்டுப் பானையில் சோறும் பயறும்

தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானாவில் குடியேறியபின் நான் கற்றுக்கொண்ட உணவுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, அரிசியையும் பயற்றையும் தேங்காய்ப்பாலில் ஒன்றாக வேகவைக்கும் ‘குக்-அப்’. அதைப் பற்றி நண்பர்களுடன் சற்று விரிவாகவே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஜமைக்காவில் சிவப்பு ராஜ்மா சேர்த்துச் செய்யும் தேங்காய்ப்பால் சோறு பலருக்கும் தெரிந்திருக்கும். அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சிக்குத் துணையாகத் தட்டில் வருவது. கயானாவின் குக்-அப்போ துணைக்கு வருவதன்று. அரிசி, பயறு, இறைச்சி, கீரை அனைத்தும் ஒரே பானையில் வெந்து, அதுவே முழுச் சாப்பாடாகிவிடுகிறது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் வீட்டுக்காரம்மா. இங்கே வயதில் மூத்த பெண்கள் அனைவரும் ‘ஆன்ட்டி’தான் என்பதால் நானும் அப்படியே அழைக்கிறேன். டெமராராவின் கிழக்குக் கரையிலுள்ள விக்டோரியா அவருடைய சொந்த ஊர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட 83 ஆப்பிரிக்கர்கள் தங்கள் சேமிப்பை ஒன்றுதிரட்டி, 1839ஆம் ஆண்டில் ஒரு தோட்டத்தையே விலைக்கு வாங்கி உருவாக்கிய ஊர் அது. அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஆன்ட்டியின் குரலில் பெருமிதம் தெரியும். கடல் பொங்கும் நேரத்தில் இந்தக் கரையோர நிலம் கடல்மட்டத்துக்கும் கீழே இருப்பதால், பழைய வீடுகளைத் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வீட்டுக்கு அடியிலுள்ள அந்த நிழலான இடத்தில்தான் பெரிய சமையல்கள் நடக்கும். நான் முதன்முதலாகக் குக்-அப் சமைப்பதைப் பார்த்ததும் அங்கேதான்.

அது டிசம்பர் 31ஆம் நாள். அந்த இரவைப் ‘பழைய ஆண்டின் இரவு’ என்றே இங்கு சொல்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் தேவாலயத்தில் புத்தாண்டை வரவேற்றுவிட்டு வீடு திரும்பும்போது, அடுப்பில் குக்-அப் தயாராக இருக்க வேண்டும். அதிலும் அன்று கருப்புக்கண் பயறு, அதாவது நம் வெள்ளைக் காராமணி, கட்டாயம். புத்தாண்டு பிறக்கும் வேளையில் அதைச் சாப்பிட்டால் வரும் ஆண்டு முழுவதும் வீட்டில் குறைவிருக்காது என்பது நம்பிக்கை. காராமணி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் இந்தக் கரைக்கு வந்த பயறு. கானா நாட்டில் ‘வாச்சே’ என்று அரிசியையும் இதே பயற்றையும் இன்றும் சேர்த்துச் சமைக்கிறார்கள் என்பதை அறிந்தபோது, ஆன்ட்டியின் பானைக்கு எவ்வளவு நீண்ட வேர் இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். நான்கைந்து பேருக்கு இரண்டு கோப்பை புழுங்கலரிசி, ஒரு கோப்பை காராமணி, நன்கு முற்றிய பெரிய தேங்காய் ஒன்று என்பது ஆன்ட்டியின் கணக்கு. கயானா நெல் விளையும் நாடு. இங்கே பழுப்பு அரிசி என்று கடைகளில் கேட்டு வாங்குவது நம் புழுங்கலரிசியைத்தான். பச்சரிசி தேங்காய்ப்பாலில் எளிதில் குழைந்துவிடும் என்பதால் குக்-அப்புக்குப் புழுங்கல்தான் பொருத்தம். காராமணியை முதல்நாள் இரவே ஊறவைத்து, முக்கால் பதத்துக்கு வேகவைத்துக்கொள்ள வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. சோற்றுக்கு அந்த இளம் பழுப்பு நிறமும் மண்ணின் மணம் போன்ற ஒரு மணமும் அதிலிருந்துதான் கிடைக்கின்றன.

உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிவாலும் மாட்டிறைச்சியும் இந்த உணவின் பழைய அடையாளங்கள். ஜார்ஜ்டவுனின் பூர்டா சந்தையில், உப்புநீர் நிறைந்த வாளியிலிருந்து எடுத்து நிறுத்துத் தருவார்கள். அவற்றைத் துண்டாக்கித் தனியே கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, மீண்டும் புதுத்தண்ணீரில் கொதிக்கவைத்தால்தான் உப்பு அளவுக்கு வரும். இறைச்சியில் தங்கியிருக்கும் உப்பு சோற்றில் இறங்கும் என்பதால், கடைசியில் ருசிபார்க்கும்வரை ஆன்ட்டி உப்புப் பாத்திரத்தின் பக்கமே போவதில்லை. கோழித்துண்டுகளைப் பூண்டு, வெங்காயத்தாள், தைம் என்னும் மணமூலிகையின் இலை ஆகியவற்றை அரைத்த பச்சை விழுதில் ஊறவைத்து, எண்ணெயில் சிவக்க வதக்கிக்கொள்கிறார். சந்தையில் மெல்லிய இலைத் தைமுடன் தடித்த இலைத் தைம் என்ற ஒன்றும் கிடைக்கும். அது வேறொன்றுமில்லை, நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் கற்பூரவல்லிதான்.

வதக்கிய கோழியோடு உப்பிறைச்சி, வெங்காயம், பயறு, களைந்த அரிசி எல்லாவற்றையும் சேர்த்தபின், பயறு வெந்த தண்ணீரையும் தேங்காய்ப்பாலையும் ஊற்றுகிறார். இரண்டும் சேர்ந்து சுமார் நான்கரைக் கோப்பை வரும். அரிசிக்கு மேல் ஒரு விரற்கணு உயரத்துக்கு நீர் நிற்கிறதா என்று கரண்டிக்காம்பை விட்டுப் பார்த்துக்கொள்கிறார். பின்னர் விரிவிரி மிளகாய். செர்ரிப் பழம் அளவில், உருண்டையாக, சிவந்திருக்கும் இந்த மிளகாய்க்குக் காரமும் அதிகம், பழ வாசனையும் அதிகம். அதைக் காம்போடு முழுதாக மேலே மிதக்கவிட வேண்டும். உடையாத மிளகாய் மணத்தை மட்டும் கொடுக்கும். உடைந்துவிட்டாலோ பானை முழுவதும் நெருப்பாகிவிடும். பரிமாறுமுன் ஆன்ட்டி அதன் காம்பை இரு விரல்களால் பற்றி, சோற்றில் உரசாமல் எடுத்து, காரம் விரும்பும் தம் மூத்த மகனின் தட்டில் வைத்துவிடுவார்.

இதற்குமேல் கரண்டிக்கு வேலை இல்லை. “கிளறாதே பிள்ளை, பானை என்ன சொல்கிறது என்று கேள்” என்பார். கொதி அடங்கித் தீயைக் குறைத்தபின், மூடியைத் திறக்காமலே காதைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். நீர் மிச்சமிருக்கும்வரை தளதளவென்ற சத்தம் வரும். நீர் வற்றித் தேங்காயெண்ணெய் பிரியத் தொடங்கியதும் அது மெல்லிய சடசடப்பாக மாறும். அந்த மாற்றம் கேட்டவுடன் நறுக்கிய கீரையை மேலே தூவி, மீண்டும் மூடி, தீயை இன்னும் குறைத்துவிடுகிறார். அடியில் பிடிக்கும் காந்தலுக்கு இங்கே ‘பன்-பன்’ என்று பெயர். அதற்காகவே பிள்ளைகள் பானையைச் சுற்றி நிற்பார்கள்.

பருக்கை பருக்கையாக உதிர வேண்டுமா, சற்று ஈரமாகக் குழைந்திருக்க வேண்டுமா என்பதில் கயானாக்காரர்களிடையே தீராத வழக்கு உண்டு. ஆன்ட்டி உதிரியின் பக்கம். அவருடைய தங்கையோ ஈரமாக இருந்தால்தான் அது குக்-அப் என்பார். என் வாக்கு உதிரிக்கே. ஒவ்வொரு பருக்கையும் தேங்காயெண்ணெயில் மினுங்கும் அழகு குழைந்த சோற்றில் வராது.

மசாலாவைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டை, கிராம்பு, ஏலம், மிளகாய்த்தூள் எதுவும் இதற்கு வேண்டாம். பிரியாணி சமைத்துப் பழகிய நம் கை தானாக அஞ்சறைப்பெட்டியைத் தேடும். அருள்கூர்ந்து அதைத் தவிருங்கள். தைம், தேங்காய், பயறு, உப்பிறைச்சி ஆகிய நான்கின் மணமும் தனித்தனியே தெரிவதுதான் இந்த உணவின் சிறப்பு. ஒரு சிட்டிகை கரம் மசாலா அந்த நான்கையும் மூடிவிடும்.

புலால் உண்ணாதவர்களுக்கும் இதில் வழி உண்டு. இந்தியர்கள் 1838ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள் என்றாலும், சென்னையிலிருந்து வந்தவர்களும் உண்டு. அவ்வாறு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பெர்பிஸ் பகுதியில் இன்றும் மாரியம்மனை வழிபடுகிறார்கள். அங்கிருந்து வந்து எங்கள் தெருவில் வாழும் ஓர் அம்மாள், விரதம் முடியும்வரை இறைச்சியைத் தொடாதவர். அவர் பட்டாணிப் பருப்பும் பூசணித் துண்டுகளும் நறுக்கிய காராமணிக்காயும் சேர்த்துச் செய்யும் குக்-அப்புக்கு, மாங்காயை வேகவைத்துக் கடைந்த ‘மேங்கோ சவர்’ தொட்டுக்கொள்ளத் தருவார். இறைச்சி இல்லாததால் உப்பை முன்னதாகவே போடுவதும், தேங்காய்ப்பாலைக் கெட்டியாகப் பிழிந்துகொள்வதும் மட்டுமே அவர் செய்யும் மாற்றங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். விரிவிரிக்குப் பதிலாக உருண்டையான குண்டு மிளகாயைப் பச்சையாக, உடைக்காமல் போடலாம். பழ வாசனை கிடைக்காது, ஆனால் முறை கெடாது. கோழிக்கு ஆழ்ந்த நிறம் வர இங்கே சிலர் ‘கசரீப்’ சேர்க்கிறார்கள். அது கசப்பு மரவள்ளியின் சாற்றை நெடுநேரம் காய்ச்சிக் கருமையாக்கிய பாகு. இந்நாட்டுப் பழங்குடி மக்களின் கண்டுபிடிப்பு. பச்சைச் சாறு நஞ்சு என்பதால் தயவுசெய்து அதை வீட்டில் செய்ய முயல வேண்டாம். எண்ணெயில் ஒரு கரண்டிச் சர்க்கரையைக் கரும்பழுப்பாகும்வரை உருக்கி, அதில் கோழியைப் புரட்டினாலே போதும். கசரீப் தீர்ந்துபோன நாள்களில் ஆன்ட்டியும் அப்படித்தான் செய்கிறார்.