அம்மாவுக்கு சைனஸ் லிஃப்ட், பண்ணிக்கிட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. அம்மாவுக்கு 61 வயசு, மேல் வரிசைல வலது பக்கம் கடவாய்ப்பல்லு ரெண்டு எடுத்து ஆறேழு வருஷம் ஆச்சு, அப்பவே இம்ப்ளாண்ட் (எலும்புல திருகி வைக்கற செயற்கைப் பல் வேர்) வச்சிருக்கணும், பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு விட்டது எங்க தப்பு. இப்ப போனா சிபிசிடி ஸ்கேன் (தாடையை 3டில காட்டற எக்ஸ்ரே) எடுத்துட்டு அங்க எலும்பு 3 மில்லிமீட்டர்தான் இருக்கு, சைனஸ் (மேல் பல்லுக்கு மேல, கன்னத்து எலும்புக்குள்ள இருக்கற காத்து அறை) கீழ இறங்கிடுச்சு, இம்ப்ளாண்ட் பிடிக்க எலும்பு பத்தாதுங்கறார் டாக்டர். ஸ்க்ரீன்ல காட்டினார், முட்டை ஓடு மாதிரி மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு, அவ்ளோதான்.

சைனஸ் லிஃப்ட்னா, பக்கவாட்டுல ஈறைத் திறந்து எலும்புல சின்ன ஜன்னல் வெட்டி, உள்ள இருக்கற சவ்வைக் கிழியாம தூக்கி, எலும்புத் தூள் நிரப்பி, 6லேர்ந்து 9 மாசம் கழிச்சுதான் இம்ப்ளாண்டாம். இன்னொரு டாக்டர் ஒரே நாள்ல ரெண்டையும் முடிச்சிடலாம்ங்கறார். 3 மில்லிமீட்டர்ல அது ஆடாம எப்படி நிக்கும்னு எனக்குப் புரியல, என் மனசு என்னவோ காத்திருக்கலாம்னுதான் சொல்லுது.

அந்தத் தூள்ல மாட்டெலும்புலேர்ந்து எடுக்கறதும் இருக்காம், அம்மா சுத்த சைவம், இன்னும் சொல்லல (சொன்னா வீடு ரெண்டாயிடும்). செயற்கைத் தூள் வச்சவங்க இருந்தா எப்படி செட் ஆச்சுன்னு சொல்லுங்க. சுகர் வேற இருக்கு, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 7.4, எவ்ளோ குறைச்சப்புறம் உங்களுக்குப் பண்ணாங்க?

அப்புறம் ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள் மூக்கு சிந்தக் கூடாது, ஸ்ட்ரா வச்சு உறிஞ்சக் கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்துதான் தும்மணுமாம். எங்கம்மா காலைல எந்திரிச்சா வரிசையா பத்து தும்மல் போடறவங்க. அலர்ஜி இருக்கறவங்க எப்படி சமாளிச்சீங்க, முன்னாடியே ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டினீங்களா?