ஆன்கா பரிசோதனை: அம்மாவுக்கும் அத்தைக்கும் வந்த இரண்டு அறிக்கைகள்

பாலக்கோட்டில் இருக்கும் என் அம்மாவுக்கு மூக்கில் இரத்தம் கலந்த பொருக்கு வருவதும், காது அடைத்துக்கொள்வதும், சளியில் இரத்தக் கோடு தெரிவதும் மாதக்கணக்கில் இருந்தன. எக்ஸ்ரேயில் நுரையீரலில் குழி தெரிந்ததும், சளியில் கிருமி தென்படாத நிலையிலேயே காசநோய் மாத்திரைகளைத் தொடங்கினார்கள். அதற்காக அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படத்தில் காசநோயும், அம்மாவுக்கு உண்மையில் இருந்த வாஸ்குலைட்டிஸ் என்னும் இரத்தக் குழாய் அழற்சியும் அவ்வளவு ஒத்திருக்கும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்பே சொல்லியிருந்ததால், அது வரக்காப்பி நிறத்துக்கு மாறியபோதும் அம்மா அதை மாத்திரையின் வேலை என்றே எண்ணிக்கொண்டார். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் ஏறிய பிறகுதான் சேலத்துச் சிறுநீரக மருத்துவர் ஆன்கா என்ற இரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார்.

நியூட்ரோஃபில் என்னும் நம் வெள்ளணுக்களில் உள்ள புரதங்களையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்தான் ஆன்கா. கண்ணாடிச் சில்லில் பதித்த வெள்ளணுக்களின்மேல் நோயாளியின் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் எங்கே படிகிறது என்று பார்ப்பது பழைய முறை: அணுவின் உடல் முழுவதும் ஒளிர்ந்தால் சி-ஆன்கா, உட்கருவை ஒட்டி ஒளிர்ந்தால் பி-ஆன்கா. எலிசா போன்ற முறைகளோ பிஆர்3, எம்பிஓ என்ற இரண்டு புரதங்களுக்கு எதிரானவற்றைத் தனித்தனியாக அளக்கின்றன. 2017இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை இவற்றையே முதல் சோதனையாகச் செய்யலாம் என்றது. அம்மாவுக்குச் சி-ஆன்காவும் பிஆர்3-உம் சேர்ந்தே வந்தன, சிறுநீரக பயாப்சியும் அதற்குப் பொருந்தியது.

காவேரிப்பட்டினத்து அத்தையின் கதை வேறு. மூட்டு வலிக்காக எடுத்த சோதனையில் பி-ஆன்கா பாசிட்டிவ் என்று வந்ததும், அம்மாவுக்கு வந்த நோய்தான் தனக்கும் என்று முடிவுகட்டி, அவர் சாப்பாட்டையே குறைத்துவிட்டார். மருத்துவர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, "எம்பிஓ இல்லை, பிஆர்3-உம் இல்லை, சிறுநீரும் சுத்தமாக இருக்கிறது, இதை வைத்து நான் ஸ்டீராய்டு எழுத மாட்டேன்மா" என்றார். அத்தைக்கு ஏஎன்ஏ, அதாவது அணுவின் உட்கருவை எதிர்க்கும் எதிர்ப்பொருள், பலமாக இருந்தது. அது இருந்தாலும் சில்லில் உட்கருப் பகுதி ஒளிர்ந்து பி-ஆன்கா போலவே தோன்றுமாம். காசநோய், இதய வால்வில் கிருமித் தொற்று, தைராய்டுக்குக் கொடுக்கும் புரொபைல்தையோயூரசில் ஆகியவற்றாலும் ஆன்கா பாசிட்டிவ் ஆகலாம் என்பதால், காசநோய் அதிகமுள்ள நம் ஊர்களில் முதல் பக்கத்தை மட்டும் படித்துப் பயப்படுவதில் பொருளில்லை என்பது என் கருத்து.

மறுபுறம், நெகட்டிவ் என்றால் நோயே இல்லை என்றும் ஆகிவிடாது. இரத்தக் குழாய் அழற்சியிலேயே ஆஸ்துமாவோடும் ஈசினோஃபில் என்ற வெள்ளணுவின் பெருக்கத்தோடும் வரும் ஒரு வகையில் பாதிப் பேருக்கு மேல் ஆன்கா நெகட்டிவாகவே இருக்கும். பெருந்தமனியைத் தாக்கும் டகாயாசு நோய்க்கு ஆன்கா உதவுவதே இல்லை, ஸ்கேன்தான் காட்டும்.

காசநோய் மாத்திரைகளை நிறுத்திவிட்டு, அம்மாவுக்கு ஸ்டீராய்டும், நோயெதிர்ப்பை அடக்கும் ரிட்டுக்சிமேப் மருந்தும் கொடுத்தார்கள். இடையில் ஒருமுறை பிஆர்3 அளவு சற்று ஏறியபோது, மருத்துவர் மருந்தைக் கூட்டாமல் சிறுநீரையும் கிரியேட்டினினையும் மட்டும் அடிக்கடி பார்க்கச் சொன்னார். ஒரு கம்பெனி கிட்டின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது என்பதால், எப்போதும் அதே ஆய்வகத்திலேயே இரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.