ஊர் பேர் தெரியாத ஹீரோ: சுட்டதா, தற்செயலா?

கேள்வி: எங்கிருந்தோ ஒருத்தன் ஊருக்குள் வருகிறான், பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்வதில்லை, அங்கே அடித்துக்கொள்ளும் இரண்டு கும்பலையும் மோதவிட்டு ஒழித்துவிட்டுப் போய்விடுகிறான். சாமுராய் (ஜப்பானிய வாள்வீரன்) படத்திலும் இதே கதை, கௌபாய் படத்திலும் இதே கதை. எப்படி?

பதில் 1: சுட்டதேதான். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் சாமுராய் படம் 'யோஜிம்போ' 1961, அதைச் சுட்டு இத்தாலிய இயக்குநர் லியோனி எடுத்த கௌபாய் படம் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' 1964. அனுமதி வாங்காததால் வழக்காகி, உலக வசூலில் 15 சதவீதம் கொடுத்துத்தான் தீர்த்தார்கள்.

பதில் 2: அதற்காக ஒருவழிப்பாதை என்று நினைக்காதீர்கள். குரோசவாவே கௌபாய் படங்கள் எடுத்த அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் ரசிகர். 'யோஜிம்போ' ஆரம்பத்தில் வெறிச்சோடிய தெரு, புழுதிக் காற்று; அந்தத் தெரு அப்படியே கௌபாய் ஊர்தான்.

பதில் 3: கூலிக்கு ஆள் பிடித்துக் கொள்ளைக்காரர்களிடமிருந்து கிராமத்தைக் காப்பாற்றும் கதையும் அப்படித்தான். குரோசவாவின் 1954 'செவன் சாமுராய்', அதன் 1960 ஹாலிவுட் ரீமேக் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்', அப்புறம் 1975 'ஷோலே'.