ஞானஸ்நானம் எடுத்த தம்பியிடம் அப்பா பேச மறுக்கிறார்: சாதிச் சான்றிதழ், பங்கு, கொள்ளி பற்றி விளக்கம் வேண்டும்

கேள்வி: பீருமேட்டு அக்கா

வண்டிப்பெரியாற்றை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்கிறது. 22 வயதான என் தம்பி எறணாகுளத்தில் வேலை பார்த்தபோது ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தவன் திருநீறு பூச மறுத்து, அம்மா படைத்துவிட்டுப் பரிமாறிய சோற்றையும் தள்ளி வைத்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சபைக்காரர்கள் அவனை விட்டுவிடுவார்கள் என்கிறார் கம்பத்து மாமா.

அப்பாவின் கோபத்துக்குச் சாமி மட்டும் காரணமல்ல. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் எங்களுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் எளிதில் கிடைக்கவில்லை. 1950க்கு முன்பே தாத்தா இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தார் என்று காட்டுவதற்காக, பழைய செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) நகலைத் தேடி, கூலியை இழந்து அலைந்தவர் அவர். தம்பி இப்போது அரசு வேலைக்கான பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுக்குப் படிக்கிறான். அந்தச் சான்றிதழ் இனிச் செல்லுமா? கம்பத்தில் அப்பா பேரில் இருக்கும் துண்டு நிலத்தில் அவனுக்குப் பங்கு உண்டா? ஒரே மகன் கொள்ளி வைக்க மாட்டான் என்று மருகும் அப்பாவிடம் நான் என்ன சொல்வது?

பதில்: குமுளி, ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்

புகார் யோசனையை முதலில் கைவிடுங்கள். கேரளத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் எதுவும் இல்லை. 18 வயது நிறைந்தவர் தம் விருப்பத்தோடு மதம் மாறினால் காவல்துறை செய்வதற்கு ஒன்றுமில்லை. இஸ்லாத்துக்கு மாறித் திருமணம் செய்துகொண்ட வைக்கத்தைச் சேர்ந்த ஹாதியாவின் வழக்கில், நம்பிக்கையையும் துணையையும் தேர்ந்துகொள்வது வயது வந்தவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சான்றிதழைப் பற்றி உங்கள் அப்பா அஞ்சுவது நியாயமே. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைப் பின்பற்றுவோர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயத்துக்குச் சென்றுவந்த புதுச்சேரிப் பெண் ஒருவருக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது சரியே என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலர் செய்வதுபோல, காகிதத்தில் ஒரு மதமும் வாழ்க்கையில் ஒரு மதமுமாக இருந்து வேலை வாங்கிவிடலாம் என்று யாரேனும் உங்கள் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தால் கேட்க வேண்டாம். பின்னாளில் கிர்த்தாட்ஸ் (சாதிச் சான்றிதழ்களின் உண்மையை ஆராயும் கேரள அரசு நிறுவனம்) விசாரணை வந்து சான்றிதழ் ரத்தானால் வேலையும் போய்விடும். அதே வேளையில் அவருக்கு எல்லாக் கதவும் அடைபடவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானோருக்கு பி.எஸ்.சி.யில் ஒரு சிறு தனி ஒதுக்கீடு உண்டு. கடன் உதவிக்குக் கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுக் கழகமும் இருக்கிறது. அவர் பிற்காலத்தில் மனம் மாறித் திரும்பிவந்து, சமூகமும் ஏற்றுக்கொண்டால், பழைய சாதி நிலையைத் திரும்பப் பெறலாம் என்று கேரளத்தைச் சேர்ந்த கே.பி. மனுவின் வழக்கில் 2015இல் தீர்ப்பு வந்துள்ளது. அப்பா பட்ட பாடு அடியோடு வீணாகிவிடவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நிலத்தைப் பொறுத்தவரை, மதம் மாறியதால் மட்டும் உங்கள் தம்பி வாரிசுரிமையை இழக்க மாட்டார். மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள்தாம், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, இந்து உறவினரின் சொத்தில் வாரிசுரிமை கோர இயலாது. நிலம் அப்பாவின் சுய சம்பாத்தியம் என்றால் அவர் யாருக்கும் உயில் எழுதலாம்; அதற்கும் மதத்துக்கும் தொடர்பில்லை.

பதில்: செங்கோட்டைக்காரி

கொள்ளி விஷயத்தை மட்டும் சொல்கிறேன். என் அண்ணன் இஸ்லாத்தைத் தழுவியவர். அப்பா இறந்தபோது நான்தான் கொள்ளி வைத்தேன். அண்ணன் பாடையைத் தோள் கொடுத்துச் சுமந்தார், செலவு முழுவதையும் ஏற்றார், மந்திரம் சொன்ன நேரத்தில் மட்டும் ஒதுங்கி நின்றார். பெண் சுடுகாட்டுக்கு வருவதா என்று முணுமுணுத்த பங்காளிகள் ஒரு ரூபாயும் தரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அப்பா இருக்கும்போதே, கொள்ளி நான் வைக்கிறேன் என்று நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா. மகனை நினைத்து அவர் மருகுவது பாதியாவது குறையும். அம்மாவிடமும், படைப்பதற்கு முன்பே தம்பிக்கு ஒரு கிண்ணத்தில் சோறு எடுத்து வைத்துவிடச் சொல்லலாம்.

பதில்: கட்டப்பனை, சி.எஸ்.ஐ. சபை

விட்டுக்கொடுப்பதெல்லாம் தாயின் பங்காகவே ஏன் இருக்க வேண்டும்? படைத்த உணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் விரிவாகவே பேசுகிறார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவனுக்கு அந்தச் சோற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்பதோடு, தன் அறிவைக் காட்டி அடுத்தவர் மனத்தைக் காயப்படுத்தாதே என்பதும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் தம்பியின் போதகர் இதை வேறு விதமாகப் போதிக்கலாம்; அப்படியானாலும் சாப்பிட மாட்டேன் என்பதை முந்தின நாளே அம்மாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே. திருவிழா நாளில், உறவினர் நடுவே தட்டைத் தள்ளுவது விசுவாசத்துக்குச் சாட்சி ஆகாது. ஞானஸ்நானம் எடுத்த புதிதில் பல இளைஞருக்கு இந்த வேகம் இருக்கும். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது நம்பிக்கைக்காக அல்ல, மறைத்ததற்காக என்று தம்பிக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பீருமேட்டு அக்கா

அனைவருக்கும் நன்றி. தம்பியிடம் பேசினேன், மறைத்தது தவறு என்று அப்பாவிடம் சொல்ல ஒப்புக்கொண்டான், ஆனால் திருநீறு பூச மாட்டான். கொள்ளியைப் பற்றி நான் சொன்னபோது அப்பா பதில் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை. ஒரு சந்தேகம்: பி.எஸ்.சி.யில் அவன் முன்பே செய்த பதிவில் பழைய சாதி விவரமே இருக்கிறது. அதை என்ன செய்வது?

குமுளி

அடுத்த விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் திருத்திவிட வேண்டும். ஞானஸ்நானச் சான்றோடு அவரையே தாலுகா அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். முடிந்தால் அப்பாவும் கூட வரட்டும், செக்ரோல் நகல் அவரிடம்தானே இருக்கிறது.