மணலே இல்லாத ‘மணல் வார்ப்பு’: நவஹோ வெள்ளி நகைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பழங்குடியினரான நவஹோ மக்களின் நகைகள் வார்க்கப்படும் முறைக்குத் தமிழில் ‘மணல் வார்ப்பு’ என்ற சொல்லை ஐயா முன்மொழிந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க நகை வணிகர்கள் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். ஆனால் அங்கே மணலுக்கு வேலையே இல்லை. உலோக ஆலைகளில் மணலை இறுக்கி அச்சு எடுக்கும் முறைக்கு நம் பொறியியல் நூல்கள் இச்சொல்லை ஏற்கெனவே வழங்குகின்றன.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான கல்லை இரண்டு பலகைகளாக அறுத்து, ஒன்றோடொன்று தேய்த்து இடுக்கில்லாமல் பொருந்தச் செய்கிறார்கள். ஒன்றில் உருவத்தைக் குடைந்து, உலோகம் இறங்க ஒரு வாய்க்காலும், காற்று வெளியேற மெல்லிய கீறல்களும் இடுகிறார்கள். குடைந்த முகத்தில் புகைக்கரி படியவிட்டு, இரண்டையும் சேர்த்துக் கட்டி, உருகிய வெள்ளியை ஊற்றுகிறார்கள். வெள்ளி உருகுவது ஏறத்தாழ 961 பாகை செல்சியசில். கல்லின் சொரசொரப்பு வெள்ளியின் மேல் அப்படியே பதிந்துவிடும். என் கண்ணுக்கு இந்த நகையின் அழகே அதுதான். காப்பைத் தட்டையாக வார்த்து, பிறகுதான் வளைக்கிறார்கள். நகையில் பதிக்கும் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சை மணிக்கல் நெருப்பைத் தாங்காது. பற்றவைப்பு முழுவதும் முடிந்த பிறகே அதைப் பதிக்கிறார்கள்.

1868இல் அமெரிக்க அரசின் சிறையிருப்பிலிருந்து சொந்த மண்ணுக்குத் திரும்பிய நவஹோ தலைமுறை, வெள்ளி நாணயங்களை உருக்கி வளர்த்தெடுத்த தொழில் இது. அவர்கள் கையாளும் பொருளையே மறைக்கும் பெயரை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

இதற்கு மாற்றாகச் சொல்லப்பட்ட ‘சுண்ணக்கல் வார்ப்பு’ என்ற யோசனையும் பொருந்தாது. அது எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது: பட்டறைகளில் இந்தக் கல்லை ‘டூஃபா’ என்கிறார்கள், புவியியலில் அப்பெயர் நீரூற்றுகளில் படியும் சுண்ணாம்புக் கல்லுக்கு உரியது. இங்கே பயன்படுவது மேலே சொன்ன எரிமலைச் சாம்பல் கல், ‘டஃப்’ எனப்படும் வேறு பாறை. ‘எரிமலைக்கல்’ என்றாலோ கருங்கல் போலக் கெட்டியான பசால்ட் என்ற எரிமலைப் பாறையும் அதில் அடங்கிவிடும்.

வார்ப்பு அச்சைக் குறிக்க ‘கரு’ என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. எனவே கல்லுக்குச் ‘சாம்பற்பாறை’ என்றும், முறைக்குக் ‘கற்கரு வார்ப்பு’ என்றும் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. வேறு கல்லில் குடைந்து வார்த்தாலும் பெயர் நிற்கும்.

கழுத்தணியின் நடுவில் தொங்கும் பிறை வடிவத்துக்கு மட்டும் புதுச்சொல் வேண்டாம். ‘நாஜா’ அவர்கள் மொழிச் சொல். அதை அப்படியே எழுதுவோம்.